நாலு எழுதினா ரெண்டுதான் நிஜம்



இந்த வார எபிசோட்ல கேம் எஞ்சின் பத்திப் பேசும்போது 'கன்ஸ்ட்ரெயின்ட்' என்ற சொல் நாலஞ்சு தடவை வந்துட்டுப் போச்சு. நிறுத்தி விளக்க அங்கே நேரமில்லை. அந்தச் சொல்லுக்குப் பின்னால இருக்கிற கதை, ஸ்க்ரீன்ல ஆடுற ஒரு விளக்கில் தொடங்கி, 3டி சினிமா கண்ணாடி வழியா, ரெண்டு கருந்துளைகள் மோதுற இடம் வரைக்கும் போகுது. நடுவில் 'கேஜ் சமச்சீர்' என்ற ஒண்ணு வருது. பாப்புலர் சயின்ஸ் புத்தகங்கள் அதை இயற்கையின் ஆழமான அழகு என்று கொண்டாடும். எனக்கு அந்த விளக்கத்தில் அவ்வளவா ஒப்புதல் இல்லை. கேஜ் என்பது பெரும்பாலும் நாம எழுதுற முறையில் தேவைக்கு மேல சேர்ந்துபோன மிச்சம். அந்த மிச்சத்தைச் சரியா கையாளத் தெரியாட்டி கம்ப்யூட்டர் க்ராஷ் ஆகும். நிஜமாவே ஆச்சு, நாற்பது வருஷமா.

கணக்கு வரும். கூட்டல், கழித்தல், ரெண்டால் வகுத்தல், அவ்வளவுதான்.

தொங்கும் விளக்கு

ஒரு கேமில் கூரையிலிருந்து 2 மீட்டர் கம்பியில் ஒரு விளக்கு தொங்குது. யாரோ இடிச்சுட்டாங்க, பக்கவாட்டில் ஆடுது. அது எங்கே இருக்குன்னு சொல்ல கம்ப்யூட்டர் ரெண்டு எண் வெச்சிருக்கும்: இடம் வலம் எவ்வளவு, மேல கீழ எவ்வளவு. ஆனா கம்பி நீளாது. அதனால விளக்கு ஒரு வட்டத்தின் மேலதான் இருக்க முடியும். உண்மையில் ஒரே ஒரு கோணம் போதும்.

அப்போ ஏன் ரெண்டு எண்? கேமில் இருக்கிறது விளக்கு மட்டுமில்லையே. கதவு, சங்கிலி, சுடப்பட்டு விழுற ஆளோட முழங்கை என்று ஆயிரம் பொருள் இருக்கும். ஒவ்வொண்ணுக்கும் தனித்தனியா ஒரு அழகான கோணத்தைக் கண்டுபிடிச்சு எழுதிக்கிட்டிருக்க முடியாது. எல்லாத்துக்கும் ஒரே மாதிரி எண்களை வெச்சுட்டு, "கூரையிலிருந்து தூரம் எப்பவும் 2 மீட்டர்" என்று பக்கத்தில் ஒரு விதியை எழுதுறது சுலபம். அந்த விதிதான் கட்டுப்பாடு, அதாவது கன்ஸ்ட்ரெயின்ட்.

ஒரு விதி எழுதினா இன்னொண்ணு தானா வரும். தூரம் எப்பவும் மாறக்கூடாதுன்னா, வேகமும் கம்பியோட திசையில் இருக்கக்கூடாது. இதையே இன்னொரு படி நகர்த்தினா, கம்பியின் இழுவிசை எவ்வளவுன்னு சரியா கிடைச்சுடும். அதோட நின்னுடும். இப்போ எண்ணிப் பாருங்க. இடத்துக்கு 2 எண், உந்தத்துக்கு 2 எண், மொத்தம் 4. (உந்தம் என்பது நிறையையும் வேகத்தையும் பெருக்கினது.) விதிகள் 2. மிச்சம் 2: ஒரு கோணம், அது மாறுற வேகம். ரெண்டால் வகுத்தா, நிஜமா அசையக்கூடிய வழி ஒண்ணே ஒண்ணு. ஊஞ்சல் மாதிரி.

தாளில் இதெல்லாம் சரி. கம்ப்யூட்டர் ஒரு நொடியை 60 துண்டா வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் விளக்கைக் கொஞ்சம் நேர்கோட்டில் நகர்த்தும். வட்டத்தின் மேல நேர்கோட்டில் நகர்ந்தா வட்டத்தை விட்டு மயிரிழை வெளியே போவீங்க. ஒவ்வொரு ஃப்ரேமிலும் அந்த மயிரிழை சேரும். கொஞ்ச நேரத்தில் 2 மீட்டர் கம்பி நீண்டுக்கிட்டே போய், விளக்கு தரையைத் தொட்டாலும் தொடும். 1972ல பாம்கார்ட் என்பவர் இதுக்கு ஒரு வழி சொன்னார்: சமன்பாட்டில் ஒரு கூடுதல் விசையைச் சேர்த்துடுங்க, விதி சரியா இருக்கும்போது அது பூஜ்யம், விதி மீறப்பட்டா பழைய இடத்துக்கு இழுக்கும். 'ஆங்ரி பேர்ட்ஸ்' விளையாட்டுக்கு அடியில் இருந்த பாக்ஸ் டூ டி எஞ்சினோட கோடில் அவர் பேரிலேயே ஒரு மாறிலி இருக்கு. இந்தப் பாம்கார்ட் தந்திரத்தை ஞாபகம் வெச்சுக்கோங்க, கருந்துளைகிட்ட மறுபடியும் வேணும்.

ஏழு மணின்னா யாரோட ஏழு மணி?

மேல பார்த்த கட்டுப்பாடு ரொம்ப நேர்மையானது. எது எவ்வளவு என்று எல்லாத்தையும் தீர்மானிச்சுடும். இன்னொரு வகை இருக்கு, அது அப்படி இல்லை.

உங்க குடும்ப வாட்ஸப் குரூப்பை நினைச்சுக்கோங்க. ஜூலை மாசம். டொரண்டோவிலிருந்து அண்ணா "7 மணிக்கு வீடியோ கால்" என்று போடுவார். உடனே "உங்க 7ஆ எங்க 7ஆ?" என்று ஒரு கேள்வி வரும், இது வராத குடும்பமே கிடையாது. டொரண்டோல காலை 7, லண்டன்ல மதியம் 12, யாழ்ப்பாணத்துல மாலை 4:30, சிட்னில இரவு 9. நாலு எண். கால் ஒண்ணுதான்.

ஒரு காலத்தில் இது இன்னும் மோசம். ஊருக்கு ஊர் சூரியனைப் பார்த்து கடிகாரம் வெச்சாங்க. மெட்ராஸ் கடிகாரம் பம்பாய் கடிகாரத்தை விட சுமார் அரை மணி முன்னால ஓடிச்சு. ரயில் வந்ததும் இது தலைவலியாச்சு. பம்பாயில் ஏறின நேரத்தை, மெட்ராஸில் இறங்கின நேரத்திலிருந்து கழிச்சா பயண நேரம் வராது. நடுவில் "பம்பாய்க்கும் மெட்ராஸுக்கும் இவ்வளவு வித்தியாசம்" என்று ஒரு அட்டவணை வேணும். மெட்ராஸ்காரர்கள் தங்க கடிகாரத்தை 10 நிமிஷம் மாத்தினா, அட்டவணையிலும் 10 நிமிஷம் மாத்தணும். அப்படி ரெண்டையும் சேர்த்து மாத்தினா பயண நேரம் மாறாது.

கேஜ் கோட்பாடு என்பது கிட்டத்தட்ட இதேதான். ஒவ்வொரு ஊரும் தன் இஷ்டத்துக்குக் கடிகாரம் வெச்சுக்கிற சுதந்திரம்தான் கேஜ் சுதந்திரம். ஊரையும் ஊரையும் ஒப்பிட உதவுற அட்டவணைதான் கேஜ் புலம். யார் எப்படிக் கடிகாரம் வெச்சாலும் மாறாத பயண நேரம்தான் நிஜம். இந்திய ரயில்வே பெரும்பாலும் எல்லா ஊர் ரயிலுக்கும் மெட்ராஸ் நேரத்தையே பொதுவா வெச்சு ஓட்டிச்சு. 1906ல இந்திய நேரம் என்று ஒண்ணு வரும் வரைக்கும். அது 'ஒரு கேஜைத் தேர்ந்தெடுக்கிறது'. தேர்வு வசதிக்குத்தான், மெட்ராஸ் நேரம் மத்த நேரங்களை விட உண்மையானது என்று அர்த்தமில்லை.

பேருக்கு ஒரு சின்னக் கதை. அப்பா அம்மாகிட்ட கேட்டா மீட்டர் கேஜ், பிராட் கேஜ் ரயில் பத்திச் சொல்வாங்க. அதே சொல்தான், அளவுகோல் என்ற அர்த்தம். 1918ல ஹெர்மன் வைல், இடத்துக்கு இடம் நீளத்தை அளக்கிற அளவுகோலையே மாத்திக்கலாம் என்று ஒரு கோட்பாடு எழுதினார். ஐன்ஸ்டைன் உடனே மறுத்தார்: அப்படின்னா ஒரு அணு எந்த வழியா வந்ததோ அதைப் பொறுத்து அது வெளிவிடும் ஒளியோட நிறம் மாறணுமே, மாறலையே! கோட்பாடு விழுந்துது. 1929ல வைலே அதைத் திருத்தி, மாறுறது நீளம் இல்லை, குவாண்டம் அலையின் கட்டம் என்று எழுதினார். அதாவது அலை இப்போ மேட்டில் இருக்கா பள்ளத்தில் இருக்கா என்ற அந்த எண். அது நிலைச்சுது. தப்பான யோசனையின் பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

"அப்போ அந்த அட்டவணையே வெறும் கற்பனைதானா, தூக்கிப் போட்டுடலாமா?" என்று கேட்பீங்க. முடியாது. 1522ல மகல்லன் குழுவில் மிஞ்சினவங்க உலகத்தைச் சுத்திட்டு கேப் வெர்டே தீவில் வந்து சேர்ந்தாங்க. கப்பல் குறிப்பேட்டில் புதன்கிழமை. கரையில் வியாழக்கிழமை. ஒரு நாளும் விடாம எழுதியிருந்தாங்க, ஆனா முழு வட்டம் போட்டதில் ஒரு நாள் காணாமப் போச்சு. இந்த ஒரு நாளை எந்த ஊர் கடிகாரத்தைத் திருப்பினாலும் அழிக்க முடியாது. தேதிக்கோட்டை நகர்த்தலாம். சமோவா நாடு 2011 டிசம்பர் 30ஐயே காலண்டரிலிருந்து தூக்கிட்டு கோட்டின் இந்தப் பக்கம் தாவிச்சு. ஆனா கோடே இல்லாம பண்ண முடியாது.

இயற்பியலில் இதுக்கு நேரான விஷயத்தை 1959ல அகரோனோவும் போமும் சொன்னாங்க. ஒரு மெல்லிய காந்தச் சுருளைச் சுத்தி எலக்ட்ரான் கற்றையை ரெண்டா பிரிச்சு விடுங்க. எலக்ட்ரான் போற பாதையில் காந்தப்புலமே இல்லை. இருந்தாலும் மறுபக்கம் சேரும்போது அலைகளின் கோலம் நகர்ந்திருக்கும். 1986ல ஜப்பானில் டோனோமுரா குழு, காந்தப்புலம் கொஞ்சமும் வெளியே கசியாதபடி மூடிவெச்சு இதைக் காட்டினாங்க. ஒவ்வொரு புள்ளியிலும் அட்டவணை எண்ணுக்குத் தனியா அர்த்தமில்லை, ஒரு முழுச் சுற்றின் கூட்டுத்தொகைக்கு உண்டு.

ஒளியை எண்ணுவோம்

இப்போ விளக்கையும் கடிகாரத்தையும் சேர்த்துப் பார்க்கலாம்.

மின்காந்தத்தை எழுத ஒவ்வொரு புள்ளியிலும் 4 எண் வேணும். ஒண்ணு வோல்டேஜ், மத்த மூணும் காந்தப்புலத்தோட சேர்ந்தது. வோல்டேஜில் மிச்சம் இருக்குன்னு உங்களுக்கே தெரியும். உயரழுத்தக் கம்பியில் காக்கா சும்மா உட்கார்ந்திருக்கு; அதோட ரெண்டு காலுக்கும் நடுவில் வோல்டேஜ் வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை, அதனால ஒண்ணும் ஆகலை. வோல்டேஜ் தனியா எவ்வளவு என்பது அதுக்குப் பொருட்டே இல்லை.

மேக்ஸ்வெல்லின் சமன்பாடுகளில் காஸ் விதி என்று ஒண்ணு இருக்கு: ஒரு மூடின பெட்டிக்குள்ள எவ்வளவு மின்னூட்டம் இருக்கோ, அதுக்கேத்த மின்புலம் வெளியே வரும். இதை உத்துப் பாருங்க. "அடுத்த நொடியில் என்ன ஆகும்" என்று இது சொல்லவே இல்லை. "இப்பவே, இந்த நொடியிலேயே இது சரியா இருக்கணும்" என்று மட்டும் சொல்லுது. விளக்குக் கம்பி விதி மாதிரியே ஒரு கட்டுப்பாடு.

ஆனா ஒரு பெரிய வித்தியாசம். விளக்கில், விதியைத் தொடர்ந்து நகர்த்தினா கடைசியில் இழுவிசை சரியா கிடைச்சுது. ஒளியில் எவ்வளவு தூரம் நகர்த்தினாலும் வோல்டேஜ் அடுத்த நொடியில் எவ்வளவு இருக்கும் என்பதைச் சமன்பாடு சொல்றதே இல்லை. நீங்களும் நானும் ஒரே தொடக்கத்திலிருந்து, ஒரே சமன்பாட்டை, பிழையில்லாமப் போட்டு, நாளைக்கு வேற வேற 4 எண்களில் போய் நிற்கலாம்!

இதுக்கு ரெண்டு அர்த்தம்தான் இருக்க முடியும். ஒண்ணு, இயற்கைக்கே நாளைக்கு என்ன பண்றதுன்னு தெரியாது. இல்லைன்னா, நாம தேவைக்கு மேல எழுதி வெச்சிருக்கோம், உங்க விடையும் என் விடையும் ஒரே நிஜத்துக்கு ரெண்டு கடிகார நேரம். மின்புலமும் காந்தப்புலமும் ரெண்டு விடையிலும் ஒண்ணாத்தான் வருது, அதனால ரெண்டாவதுதான் சரி. கேஜ் சமச்சீரை யாராவது கேட்டா நான் இந்த வாதத்தைத்தான் சொல்வேன், இதை விட நேரான விளக்கம் எனக்குத் தெரியலை.

இதை ஒரு முறையா ஆக்கினவர் பால் டிராக். 1949ல வான்கூவரில் நடந்த கணிதக் கருத்தரங்கில் பேசினார், 1950ல கட்டுரையா வந்துது. அதே காலத்தில் அமெரிக்காவில் சிரக்யூஸில் பீட்டர் பெர்க்மன் குழுவும் இதே வேலையில் இருந்தாங்க. பெல்ஜியத்தைச் சேர்ந்த லியோன் ரோசன்ஃபெல்ட் 1930லேயே பாதித் தூரம் போயிருந்தார், கவனிக்க ஆளில்லை. டிராக் கட்டுப்பாடுகளை ரெண்டு ஜாதியா பிரிச்சார். 'முதல் வகை' கட்டுப்பாடு கேஜ் சுதந்திரத்தைக் கூடவே கூட்டிட்டு வரும். 'ரெண்டாம் வகை' வராது. நம்ம விளக்குக்கு இருந்த ரெண்டுமே ரெண்டாம் வகை.

எண்ணுற விதி இதுதான். ரெண்டாம் வகை ஒவ்வொண்ணுக்கும் 1 கழிக்கணும். முதல் வகை ஒவ்வொண்ணுக்கும் 2 கழிக்கணும். விதி ஒரு எண்ணைக் கட்டிப்போடும். அது தர்ற சுதந்திரம் இன்னொரு எண்ணை அர்த்தமில்லாததா ஆக்கும். ஒரே கல்லில் ரெண்டு மாங்காய்.

ஒளிக்குப் போடுங்க. 4 எண், அவற்றின் உந்தம் 4, மொத்தம் 8. முதல் வகைக் கட்டுப்பாடு 2: வோல்டேஜுக்குச் சொந்த உந்தமே கிடையாது என்பது ஒண்ணு, காஸ் விதி இன்னொண்ணு. 8லிருந்து 4 கழிச்சா 4. ரெண்டால் வகுத்தா 2.

அந்த 2ஐ நீங்க மூக்கு மேல போட்டிருக்கீங்க. ரியல்டி வகை 3டி கண்ணாடியில் ஒரு கண்ணுக்கு வலப்பக்கமா சுழலும் ஒளி, இன்னொரு கண்ணுக்கு இடப்பக்கமா சுழலும் ஒளி. ரெண்டு கண், ரெண்டு வகை ஒளி, கணக்கு கச்சிதம். மூணு கண் உள்ள ஆளுக்கு இந்த முறையில் 3டி படம் காட்ட முடியாது. மூணாவது வகை ஒளியே கிடையாது. (சிவபெருமான் வேற தியேட்டர் பார்த்துக்கணும்.)

ஒரு சின்ன மாற்றம் பண்ணிப் பாருங்க. ஒளித்துகளுக்குக் கொஞ்சம் நிறை கொடுங்க. உடனே கேஜ் சுதந்திரம் போயிடும், அந்த ரெண்டு கட்டுப்பாடும் ரெண்டாம் வகையா மாறிடும். 8லிருந்து 2 கழிச்சா 6, பாதி 3. 1983ல செர்னில் கண்டுபிடிச்ச டபிள்யூ, இசட் துகள்கள் நிறை உள்ளவை, அவற்றுக்கு 3 வழி. அந்த மூணாவது எங்கிருந்து வந்தது என்ற கேள்விக்கான பதில்தான் ஹிக்ஸ் புலம். அதுக்கு ஒரு தனி எபிசோட் வேணும்.

கருந்துளையும் நீளும் கம்பியும்

ஐன்ஸ்டைனின் ஈர்ப்புக் கோட்பாட்டில் கடிகாரம் வைக்கிற சுதந்திரம் உச்சம். இடத்துக்கும் காலத்துக்கும் நீங்க எப்படி வேணும்னாலும் கட்டம் போட்டு எண் எழுதலாம். ஒவ்வொரு புள்ளியிலும் 10 எண், உந்தத்தோட 20. முதல் வகைக் கட்டுப்பாடு 8. அதனால 16 கழியும், மிச்சம் 4, பாதி 2. ஈர்ப்பலைக்கும் ரெண்டே வகை: கூட்டல் குறி மாதிரி நீட்டிச் சுருக்குறது ஒண்ணு, பெருக்கல் குறி மாதிரி இன்னொண்ணு.

20 எழுதி 4 எடுக்கிற இந்தக் கணக்கை கம்ப்யூட்டரில் போடப்போனாங்க. 1964லேயே ஹானும் லிண்ட்க்விஸ்டும் முதல் முயற்சி பண்ணாங்க. 1990களில் அமெரிக்காவில் பல பல்கலைக்கழகங்கள் 'கிராண்ட் சேலஞ்ச்' என்று ஒண்ணா சேர்ந்து இறங்கினாங்க. ரெண்டு கருந்துளை ஒண்ணையொண்ணு சுத்தி வந்து சேரணும், அவ்வளவுதான் கேட்டது. ஒரு சுத்து முடியறதுக்குள்ள புரோகிராம் க்ராஷ்.

முக்கியமான காரணம் நம்ம விளக்குக்கு ஆன அதே வியாதி. தொடக்கத்தில் கட்டுப்பாடுகள் சரியா இருந்தா கடைசி வரைக்கும் சரியா இருக்கும் என்று கணிதம் உத்தரவாதம் தருது. கம்ப்யூட்டர் தர்றதில்லை. தசமப் புள்ளிக்கு அப்புறம் எங்கேயோ ஒரு சின்னப் பிழை, அது வளர்ந்து, இன்னும் வேகமா வளர்ந்து, கொஞ்ச நேரத்தில் திரையில் இருக்கிறது ஐன்ஸ்டைன் கோட்பாட்டுக்கே சம்பந்தமில்லாத எண்கள். அதோட, கட்டம் போடுறதில் மோசமான கேஜைத் தேர்ந்தெடுத்தா கட்டமே கருந்துளைக்குள்ள இழுபட்டுக் கிழிஞ்சுடும்.

2005ல ஃபிரான்ஸ் பிரிட்டோரியஸ் முதல் தடவையா முழுச் சுத்தும், மோதலும், மோதினதுக்கு அப்புறம் அடங்குறதும் வரைக்கும் ஓட்டிக் காட்டினார். அவர் பயன்படுத்தின முக்கியமான பொருள்களில் ஒண்ணு, கட்டுப்பாடு சரியா இருந்தா பூஜ்யமாகவும், மீறப்பட்டா திரும்ப இழுக்கவும் செய்யுற கூடுதல் உறுப்புகள். கார்ஸ்டன் குண்ட்லாக்கும் கூட்டாளிகளும் சொன்ன வழி. பார்த்தா நம்ம பாம்கார்ட் தந்திரத்தோட ஒண்ணுவிட்ட தம்பி. சில மாசத்தில் நாசாவின் காடர்டு மையமும் டெக்சாஸின் பிரவுன்ஸ்வில் குழுவும் தனித்தனியா வேற பாதையில் வந்தாங்க; அவங்க வெற்றிக்குக் காரணம் கெட்டிக்காரத்தனமான கேஜ் தேர்வு.

பத்து வருஷம் கழிச்சு, 2015 செப்டம்பர் 14ஆம் தேதி, லைகோவின் ரெண்டு நிலையங்களிலும் 0.2 நொடிக்கு ஒரு சிலிர்ப்பு. சூரியனைப் போல சுமார் 36 மடங்கு, 29 மடங்கு நிறையுள்ள ரெண்டு கருந்துளை சேர்ந்து, சுமார் 3 சூரிய நிறை ஈர்ப்பலையா போயிருக்கு. இந்த எண்களை எப்படிச் சொன்னாங்க? வந்த அலையை, கம்ப்யூட்டர் மோதல்களை வெச்சு உருவாக்கின மாதிரி அலைகளோட ஒப்பிட்டு. 2005ல அந்தப் புரோகிராம்கள் ஓடியிருக்காட்டி, அலை வந்ததுன்னு தெரிஞ்சிருக்கும். எதிலிருந்து வந்ததுன்னு இவ்வளவு திட்டமா சொல்ல முடிஞ்சிருக்காது.

இன்னும் தீராத ஒண்ணு

ஒரு சிக்கல் பாக்கி. இயற்பியலில் 'ஹாமில்டோனியன்' என்று ஒண்ணு உண்டு. பெரும்பாலும் மொத்த ஆற்றல்தான் அது, அடுத்த நொடிக்கு உலகத்தை நகர்த்துற பொத்தானும் அதுவே. ஐன்ஸ்டைன் கோட்பாட்டில், தனக்குள்ளேயே மூடின ஒரு பிரபஞ்சத்துக்கு இந்தப் பொத்தானை எழுதிப் பார்த்தா, அது முழுக்க முதல் வகைக் கட்டுப்பாடுகளால் ஆனது. மதிப்பு பூஜ்யம்.

டிராக் விதியை அப்படியே எடுத்துக்கிட்டா, முதல் வகைக் கட்டுப்பாடு நகர்த்துறது வெறும் கடிகார மாற்றம், நிஜத்தில் ஒண்ணும் நடக்கலை. அப்போ நேற்றிலிருந்து இன்றைக்கு வந்ததும் அப்படித்தானா? 1967ல பிரைஸ் டிவிட் வெளியிட்ட, இப்போ வீலர்-டிவிட் என்று சொல்ற குவாண்டம் சமன்பாட்டில் காலம் என்ற எழுத்தே கிடையாது. ஒரு பக்கம், இந்த ஒரு கட்டுப்பாட்டுக்கு மட்டும் டிராக் விதியை அப்படியே போடக்கூடாது என்கிறவங்க. இன்னொரு பக்கம், காலம் என்பது ஒரு பொருளை இன்னொரு பொருளோட ஒப்பிடுறது மட்டும்தான், தனியா ஓடுற கடிகாரம் எதுவும் இல்லை என்கிறவங்க. எனக்கு ரெண்டாவது கட்சி மேல சாய்வு இருக்கு. ஆனா 60 வருஷமா ரெண்டு பக்கமும் கெட்டிக்காரங்கதான் நிற்கிறாங்க.

மேல படிக்கணும்னா, 1964ல வந்த டிராக்கோட 'லெக்சர்ஸ் ஆன் குவாண்டம் மெக்கானிக்ஸ்' 100 பக்கம்கூட இல்லாத குட்டிப் புத்தகம், முதல் ரெண்டு உரை போதும். கோட் எழுதுறவங்க, இழுவிசைத் திருத்தம் எதுவும் போடாம ஒரு ஊசலை எழுதி பத்து நிமிஷம் ஓட விட்டு, கம்பி எவ்வளவு நீண்டுச்சுன்னு இந்த மடலுக்கு ரிப்ளை பண்ணுங்க. சந்திப்போம்.